பேசாதவள் சம்மதிக்கவில்லை

ஜூலை 15, செவ்வாய்

புழுக்கம். கடல் சரியில்லை. மகன் ஏழுமலை போட்டை இறக்கவில்லை; வலையைப் பிரித்துப் போட்டு வாசலையே அடைத்துவிட்டான். கடைக்குச் சங்கரா மீன் கொஞ்சம், காரப்பொடி மீன் கொஞ்சம். வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்று ஆள் வந்தது. காலை வேளையில் மீன்காரியைக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறவன் வீட்டில் மீன் வாங்கிப் பழக்கம் இல்லை போல. கையை அலம்பிக்கொண்டு நானும் பக்கத்துக் கடைத் தேசம்மாவும் போனோம். வாசனை போகவில்லை. போகாவிட்டால் என்ன? நான் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி.

(சட்டப்படி மருமகள் செல்விக்கு வரவேண்டிய இடம். அவள் தி.நகர் துணிக்கடைக்குக் காலையில் போனால் ராத்திரிதான் வருவாள். அதனால் பேத்தி நித்யாவுக்குப் பாதுகாவலர் என்று என்னைக் குழுவில் போட்டார்கள். தலைவி ஆனது என் வாய்ச் சாமர்த்தியத்தால்.)

புதுக் கல்வி ஆபீசர். முப்பது வயசு இருக்கலாம். சட்டை மடிப்புக் கலையவில்லை. ஒரு காகிதத்தை மூச்சு விடாமல் படித்தார். மேலே ஃபேன் கடகட. என் காதில் விழுந்த வரை:

– இந்தப் பக்கத்துச் சின்னப் பள்ளிகள் எல்லாம் இனி ஆழ்வார்பேட்டைப் பெரிய பள்ளிக்குக் கீழே. ‘தொகுப்பு’ என்று பெயர்.
– எல்லாவற்றுக்கும் ஒரே தலைமை, ஒரே குழு. இரண்டும் அங்கே.
– எங்கள் குழு கலையும்.
– பிள்ளைகள் இப்போதைக்கு இங்கேயே.

‘இப்போதைக்கு’ என்ற வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறவர்களும் முதலில் இப்போதைக்கு என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

படித்து முடித்து, “யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?” என்றார். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தேசம்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். மற்றவர்கள் புடவைத் தலைப்பைப் பார்த்தார்கள். “ரொம்ப நன்றிம்மா” என்று கும்பிட்டார். ஆளுக்கு ஒரு பிஸ்கட், டீ. வரும் வழியில் தேசம்மா, “பாவம் பெரிம்மா, இவ்ளோ தூரம் வந்து போணி ஆவாம போறாரு” என்றாள். சிரித்தோம்.

சாயங்காலம் தலைவலித் தைலம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 16, புதன்

சிரிப்பு போயிற்று.

நித்யாவை விடப் போனபோது தலைமை ஆசிரியை கூப்பிட்டார். (தலைமை ஆசிரியை என்று ஒவ்வொரு தடவையும் எழுதக் கை வலிக்கிறது. இனி பெ.டீ. பெரிய டீச்சர்.) நல்ல மனுஷி. பயந்த மனுஷி.

“மரகதம்மா, நேத்து எல்லாரும் இவ்ளோ சுலபமா ஒத்துப்பீங்கன்னு நான் எதிர்பார்க்கல.”

“யாரு ஒத்துக்கினா?”

“தீர்மானம் ஒருமனதா நிறைவேறிடுச்சேம்மா. மேல அனுப்பிட்டார்.”

ஒருமனதாக! கரையில் ஏலம் விடுகிறவன் விலை கூவுவான். கூடையைச் சுற்றி நிற்கிறவர்கள் வாய் திறக்கவில்லை என்றால் யாருக்கும் வேண்டாம் என்று அர்த்தம். அவன் விலையை இறக்குவான், இல்லை அடுத்த கூடைக்குப் போவான். பேசாமல் நின்றவள் தலையில் கூடையைத் தூக்கி வைத்துவிட்டு ‘நீ வாங்கிட்ட’ என்று எவனும் சொன்னதில்லை. சொன்னவன் அடுத்த நாள் கரையில் நிற்க முடியாது.

பெ.டீ.யிடம் இதைச் சொன்னேன். நெற்றியில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ, வேண்டாம்னா வேண்டாம்னு வாயைத் திறந்து சொல்லணும்மா. ஆபீஸ்ல அப்படித்தான்.”

“இத அவரு மொதல்ல சொல்லணுமா இல்லியா?”

மணி அடிக்கிறது என்று எழுந்துவிட்டார். அவருக்கு ரிடையர் ஆக இன்னும் கொஞ்ச காலம்தான். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். என்னையும் குற்றம் சொல்லிக்கொள்ள மாட்டேன்.

இன்று விற்றது: காரப்பொடி முழுவதும். சங்கரா பாதி ஐஸில்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. லேசான தூறல். கோவிலில் மைக் கட்டிவிட்டான். இனி மாதம் முழுக்கக் காது இரைச்சல்.

செல்வி கடையில் ஆடித் தள்ளுபடி. உட்காராமல் நின்று நின்று கால் வீங்கி வந்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொடுத்தேன். காலை வைத்துக்கொண்டிருக்கும்போதே விஷயத்தைச் சொன்னேன். எனக்குப் பக்கத்துணையாகக் கொதிப்பாள் என்று நினைத்தேன்.

“நல்லதுதானே அத்தே. ஆவட்டும்” என்றாள்.

“இன்னா நல்லது?”

“பெரிய ஸ்கூல்ல கம்ப்யூட்டர் ரூம் கீது. வெளையாட்டு டீச்சர் கீறாங்க. கூட சேந்தா நம்ம புள்ளைங்களுக்கும் கெடைக்கும். இங்க இன்னா கீது? ரெண்டு டீச்சரு, ஒரு வேப்ப மரம்.”

“கமிட்டி கலைஞ்சிடும்டி.”

“உனுக்கு கமிட்டி வேணும். என் பொண்ணுக்கு கம்ப்யூட்டர் வேணும். நான் பத்தாவது பாஸு. மூணாவது மாடில சேல மடிச்சிக்கினு கீறேன். அவளும் வந்து என் பக்கத்துல நின்னு மடிக்கணுமா?”

ஏழுமலை வலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. “நீ இன்னாடா சொல்ற?” என்றேன். “கடல்ல காத்து எப்பிடின்னு கேளு, சொல்றேன். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல என்னக் கேக்காத” என்றான். ஆம்பிளை.

நான் செல்வியிடம் நாலு விஷயம் கேட்டேன். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியில் புறா செத்துக் கிடந்தபோது யார் போய்க் கேட்டது? அந்தத் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய் வார்டு ஆபீஸ் மேசையில் வைத்து ‘ஒரு வாய் குடி, அப்புறம் பேசலாம்’ என்று சொன்னது யார்? அன்று சாயங்காலமே தொட்டி கழுவ ஆள் வந்ததா இல்லையா? நாளைக்கு ஆழ்வார்பேட்டையில் உட்கார்ந்திருக்கிற குழுவுக்கு இங்கே புறா செத்தது எப்படித் தெரியும்?

காலைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். “புறாவுக்கோசரம் கம்ப்யூட்டர வுட சொல்ற” என்றாள்.

அவள் கிண்டிய உப்புமாவை நான் சாப்பிடவில்லை. பசி. வீம்பு அதைவிடப் பெரிது.

ஜூலை 19, சனி

வெயில். வவ்வால் மீனுக்கு நல்ல விலை, எனக்குக் கிடைக்கவில்லை. கடையைத் தேசம்மாவின் தங்கச்சியிடம் விட்டுவிட்டு நானும் தேசம்மாவும் மயிலாப்பூர் கல்வி ஆபீசுக்குப் போனோம். பஸ்ஸில் ஒரு அம்மா மூக்கைப் பிடித்தாள். தேசம்மா அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தாள்.

ஆபீசர் எங்களைக் காக்க வைக்கவில்லை. அது அவர் நல்ல குணம், எழுதி வைக்கிறேன்.

“சொல்லுங்க பாட்டி.”

“பாட்டியா? நான் இன்னா உங்க வூட்டு பாட்டியா? தலைவின்னு சொல்லு.”

சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார். “சரி, தலைவி. சொல்லுங்க.”

“நாங்க ஒத்துக்கல.”

“ஆட்சேபணை இருக்கான்னு கேட்டேனே?”

“கேட்ட. நாங்க பேசல.”

“மௌனம் சம்மதத்துக்கு அறிகுறின்னு பழமொழியே இருக்கேம்மா.”

“அது கல்யாணப் பொண்ணுக்கு. மீன்காரிக்கு இல்ல.”

பக்கத்து மேசைக் கிளார்க் சிரித்துவிட்டார். ஆபீசருக்கும் வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு பொறுமையாகத்தான் பேசினார். சின்னப் பள்ளியில் இரண்டே டீச்சர். ஒருவர் லீவு போட்டால் இரண்டு மூன்று வகுப்பு சும்மா உட்காருகிறது. தொகுப்பு என்று ஆகிவிட்டால் பெரிய பள்ளியிலிருந்து அன்றைக்கே ஆள் அனுப்பலாம். இப்போது அனுப்ப ஃபைல் நாலு இடம் சுற்ற வேண்டும். “இந்த அமைப்பையே மாத்தினாத்தாம்மா சரியாகும். நான் கெட்டது பண்ண வரல” என்றார்.

அவர் சொன்னது நிஜம். போன மாசம் நித்யா வகுப்பில் ஒரு வாரம் பாடமே நடக்கவில்லை. அதை அவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

“அதுக்கு ஆளு அனுப்பு. கமிட்டிய ஏன் கலைக்கிற?”

“ஒரு நிர்வாகத்துக்கு ஒரு குழுதான் இருக்க முடியும். பட்ஜெட், கட்டடம், நியமனம் எல்லாம் படிச்சுப் பார்த்து முடிவெடுக்கணும். நீங்க என்ன படிச்சிருக்கீங்க, தலைவி?” குத்தலாகக் கேட்கவில்லை. ஆனாலும் குத்தியது.

“அஞ்சாவது. எங்க ஸ்கூலும் அஞ்சாவது வரைக்கும்தான். முழு ஸ்கூலும் படிச்சவ நானு. நீ இன்னும் இன்னா கேக்குற?”

தேசம்மா மேசையைத் தட்டினாள். மறு கூட்டம் கேட்டோம். மீன் வியாபாரம் முடிந்த பிறகு, மத்தியானத்துக்கு மேல். ஒவ்வொருத்தியும் வாயால் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்கிறேன் என்றார். யோசிக்கட்டும்.

தைலம் வாங்கினேன்.

ஜூலை 20, ஞாயிறு

வாரத்தில் பெரிய நாள். பேசக்கூட நேரம் இல்லை. ஆனால் குழுவில் ஒவ்வொருத்தியிடமும் பேசினேன். செதில் சுரண்டிக்கொண்டே, ஐஸ் உடைத்துக்கொண்டே. ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து வருகிற வாடிக்கை ஐயா, “என்னம்மா, எலெக்‌ஷனா?” என்றார். “அத வுட பெருசு” என்றேன். பால் சுறா மீன் கேட்டார், இல்லை.

குழுவில் இருக்கிற தாய்மார்களில் மூன்று பேர் ‘வேணாம்’. இரண்டு பேர் ‘வேணும்’. மீதிப்பேர் ‘நீ சொல்றத சொல்றோம்’. அந்த மீதிப்பேர்மேல்தான் எனக்குக் கோபம். “நா சொல்றத சொல்றதுக்கு நீ எதுக்கு? கிளி வளத்துப்பேன்” என்று கத்தினேன். தேசம்மா, “வர்றவங்களயும் தொரத்து பெரிம்மா” என்றாள்.

ஒரு நிமிஷம் யோசனை. செல்வி மட்டும் அந்தக் கூட்டத்தில் இருந்தால் வேணும் என்பாள். அவள் இடத்தில் உட்கார்ந்துகொண்டு நான் வேணாம் என்கிறேன். இந்த யோசனையை வாடிக்கைக்காரர் கலைத்தார். நல்லவேளை.

ஜூலை 23, புதன்

காற்று. துணி காயப்போட்ட கயிறு அறுந்து எல்லாம் மணலில்.

பெ.டீ. வீட்டுக்கே வந்துவிட்டார். மறு கூட்டம் வெள்ளிக்கிழமை, மத்தியானத்துக்கு மேல். ஒவ்வொருவராக வாயால் கேட்பார்களாம். ஜெயித்தோம் என்று நான் எழுந்திருப்பதற்குள், “இன்னொண்ணு இருக்கும்மா” என்றார். குரல் இறங்கிவிட்டது.

தாய் உயிரோடு, அதே வீட்டில் இருக்கும்போது பாதுகாவலர் உறுப்பினராக முடியாதாம். ஆபீசர் விதியைப் புரட்டிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். செல்வி வர வேண்டும். இல்லாவிட்டால் நித்யாவுக்காகப் பேச யாரும் இல்லை. புதுத் தலைவியைத் தேர்ந்தெடுப்பதும் அன்றைக்கே.

என்னைத் தூக்கிவிட்டார்கள். விதிப்படி. நானாகக் கேட்டு வாங்கிய கூட்டத்தில்.

அவன் நல்ல குணத்தைப் பற்றி எழுதினதை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. மை வீண்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மீன் வாங்க ஈ காக்கா இல்லை. எல்லோரும் கடலில் முழுக்குப் போட்டுவிட்டு வாழைக்காயும் பூசணியும் வாங்கிப் போகிறார்கள். கடை திறக்கவில்லை.

செல்வி வேலைக்குக் கிளம்பும்போது சொன்னேன். போன வியாழனிலிருந்து அவளோடு பேச்சு இல்லை, அதனால் நித்யா வழியாக.

“நித்யா, உங்கம்மாகிட்ட நாளைக்கி மீட்டிங்குன்னு சொல்லு.”

“அம்மா, ஆயா நாளைக்கி மீட்டிங்குன்னு சொல்லுது.”

“ஆடி வெள்ளி. லீவு குடுக்க மாட்டாங்கன்னு ஆயாகிட்ட சொல்லு.”

“ஆயா, ஆடி வெள்ளி…”

“காது கேக்குது எனுக்கு.”

செல்வி செருப்பைப் போட்டபடி நின்றாள். பிறகு நேராக என்னிடமே: “அது என் எடம் அத்தே. நீ உக்காந்தப்ப ஒரு நாளாவது எங்கிட்ட கேட்டியா, செல்வி நீ இன்னா நெனைக்கிறன்னு?”

கேட்டதில்லை. நித்யாவின் பையை எடுத்து மாட்டிவிட்டேன்.

“போனா நான் நெனைக்கிறதத்தான் சொல்லுவேன். நீ சொல்லிக் குடுக்கிறத இல்ல. சம்மதமா?”

சம்மதம் என்று சொல்லவில்லை. ‘போய் சொல்லு’ என்றேன். பேசாமல் இருந்தால் அவளும் ஒருமனதாக என்று எழுதிக்கொள்வாள்.

ராத்திரி அவள் வந்து சொன்னது: அரை நாள் லீவு கேட்டதற்கு மேனேஜர், போனால் குடோனுக்கு மாற்றிவிடுவேன் என்றாராம். “மாத்து” என்று சொல்லிவிட்டு வந்தாளாம். எங்கள் வீட்டுக்கு வாழ வந்தவள்தானே.

ஜூலை 25, வெள்ளி

வெயில், வியர்வை. கோவிலில் கூழ் ஊற்றும் கூட்டத்தைத் தாண்டிப் போகவே பாடு. தலைவி என்ற பட்டம் இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குள் போனது இன்றுதான். கூட்ட அறைக்குள் விடவில்லை, ஜன்னலுக்கு வெளியே வேப்ப மரத்தடி. என்னோடு பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த நாலைந்து பேர். பெ.டீ. ஜன்னலைச் சாத்தச் சொல்லவில்லை.

ஆபீசர் வந்தார். முதலில் தலைவி. தேசம்மா எழுந்து, “செல்வியப் போடுங்க, நல்லாப் படிச்சவ” என்றாள். பாவி, என்னைக் கேட்காமலே. எல்லோரும் கை தூக்கினார்கள்.

செல்வி அந்தக் காகிதத்தை வாங்கி, “நானே படிக்கிறேன் சார்” என்றாள். நிறுத்தி நிறுத்திப் படித்தாள். ஃபேனை அணைக்கச் சொன்னாள். ஒரு இடத்தில் நிறுத்தி, “ஸ்கூல மூடுற அதிகாரமும் அந்தக் கமிட்டிக்கா சார்?” என்றாள்.

“இணைக்கிறதுன்னுதாம்மா இருக்கு.”

“இணைச்சா இந்தக் கட்டடம்?”

“அது குழு முடிவு பண்ணும்.”

“நாங்க இல்லாத குழு.”

“ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பிரதிநிதி உண்டும்மா.”

“மீட்டிங் எப்ப சார்?”

“காலைலதான்.”

உள்ளே ஒரு முணுமுணுப்பு. எனக்கு நாக்கு அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஒவ்வொருத்தியாக. தேசம்மா ‘வேணாம்’ என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள். இரண்டு பேர் ‘வேணும்’. ஒருத்தியின் பையன் அடுத்த வருஷம் ஆறாவதுக்கு அந்தப் பெரிய பள்ளிக்குத்தான் போக வேண்டும், அவள் பக்கம் நியாயம். ‘நீ சொல்றத சொல்றோம்’ கூட்டம் என்னைத் தேடியது. நான் மரத்தின் பின்னால் நகர்ந்துவிட்டேன். அப்புறம் அவர்களாகவே சொன்னார்கள். சிலர் அப்படி, சிலர் இப்படி. கணக்கு இரண்டு பக்கமும் சமமாக வந்துவிட்டது என்று பெ.டீ. சொன்னார். பாக்கி செல்வி மட்டும்.

என் மருமகள் வாயில் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மரத்தைப் பிடித்துக்கொண்டேன். கத்தினால் ஒருவேளை மாறுவாள். கத்தவில்லை.

“பெரிய ஸ்கூலோட சேக்கறது வேணும் சார். கம்ப்யூட்டர் ரூம் வேணும், வெளையாட்டு டீச்சர் வேணும், லீவு போட்டா அன்னிக்கே ஆளு வேணும். எங்க கமிட்டிய கலைக்கறது வேணாம்.”

“அப்படிப் பிரிச்சுச் சொல்ல இதுல இடம் இல்லைம்மா. ஆமாம், இல்ல. ரெண்டுல ஒண்ணு.”

“சேல புடிச்சிருக்கு, பிளவுஸ் பிட்டு புடிக்கலன்னா நாங்க வேற எடுத்துக் குடுக்கறோம் சார். கஸ்டமர வெளில போவ சொல்றதில்ல.”

“இது அரசாங்க ஆணைம்மா.”

“அப்ப வேணாம். பிரிச்சி எழுதிக்கினு வாங்க. அன்னிக்கு நானே மொத ஆளா ஆமான்னு சொல்றேன்.”

பெ.டீ. எழுதினார். எழுதியதை உரக்கப் படிக்கச் சொன்னாள் செல்வி. ‘பெரும்பான்மையோர் ஏற்கவில்லை.’ பயந்த மனுஷியின் குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

ஆபீசர் பையை மூடினார். “மேலிடம் இதை ஏத்துக்குமான்னு எனக்குத் தெரியாது” என்றார். உண்மையாகவே தெரியாது போல முகம்.

“ஏத்துக்கலன்னு அவங்களையும் வாயால வந்து சொல்லச் சொல்லுங்க” என்றாள்.

வெளியே வந்தாள். நான் என்ன சொல்வது? நான் கேட்டது கிடைத்தது; நான் சொன்னதால் கிடைக்கவில்லை. “கம்ப்யூட்டருக்கு இன்னா பண்ணுவ?” என்றேன். “நீ வார்டு ஆபீஸ்ல பாட்டில் வெச்சல்ல, அந்த வழிய எனுக்கும் காட்டு” என்றாள். கூழ் வாங்கி நின்றபடியே குடித்தோம். கருவாட்டுக் குழம்பில் உப்பு அதிகம்.

ஜூலை 26, சனி

மேகம். நெத்திலி மட்டும்.

செல்வியைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உட்கார ஸ்டூல் இருக்கிறதாம். மேனேஜருக்கு அது தெரியாது போல.

பெ.டீ. ஆள் அனுப்பினார்: செவ்வாய்க்கிழமை காலை, பெரிய அதிகாரியே நேரில் வருகிறார், குழு தயாராக இருக்க வேண்டும். நான் உடனே சரி சொல்லி அனுப்பப் பார்த்தேன். கதவருகில் வரை போய்விட்டேன். திரும்பி வந்து செல்வியைக் கேட்டேன். அவள் தலை வாரிக்கொண்டே சொன்னதை அப்படியே சொல்லி அனுப்பினேன்: காலையில் முடியாது, எல்லோரும் கடை முடித்து வந்த பிறகு வரட்டும், தலைவி சொல்லிவிட்டாள்.